நாலாவது பாட்டில்

ரோகினி: ...வேலையில்லாத நாள்ல கூட ப்ளேனோட மூக்கு மூடியக் கழட்டி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கியேண்ணே. அண்ணி வீட்ட விட்டு விரட்டிட்டாங்களா?

அர்ச்சுனன்: அட... ரோகினி! நீ எப்ப வந்தே? மோட்டார் சைக்கிள் சத்தமே கேக்கலயே.

ரோகினி: கேக்காது. செம்பனை மரத்துக்கிட்டயே நிறுத்திட்டு நடந்து வந்தேன்.

அர்ச்சுனன்: ஏன் அப்படி?

ரோகினி: மழை பெஞ்ச மண்ணு ரோடு. டயர் வழுக்குது.

அர்ச்சுனன்: ஆஸ்பத்திரியில மாப்ளைக்கு யாரு தொணை?

ரோகினி: என் மாமியார். மூணு வாரமா நான்தானே பாக்குறேன்? இன்னைக்கு ஒரு நாள் பெத்தவங்க பாக்கட்டும்.

அர்ச்சுனன்: எப்படி இருக்காரு?

ரோகினி: ரெண்டு கையிலயும் கட்டு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. மத்தபடி நல்லா இருக்காரு.

அர்ச்சுனன்: ரோகினி...

ரோகினி: நீ கேட்டே, நான் சொன்னேன். தங்கச்சி புருஷன் ப்ளேனோட விழுந்து கெடக்குறாரு, நீ ரெண்டே தடவதான் வந்து எட்டிப் பாத்தே. இல்ல... ஒரு தடவயா?

அர்ச்சுனன்: ரெண்டு. வேல லா! ஒரு ப்ளேன் எரிஞ்சி போச்சு. இனிமே இந்த ஒண்ணுதான் முழுப் பாமாயில் தோட்டத்துக்கும் மருந்து அடிக்கணும். ஓலையத் தின்னுற அந்தப் புழு, உலாட் புங்குஸ், லிங்கி ஆத்தங்கரை வரைக்கும் வந்துடுச்சி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் புது பைலட் வர்றான்.

ரோகினி: புழுவுக்கு அவசரம். புரியுது.

அர்ச்சுனன்: குத்திக்கிட்டே இருப்பியா?

ரோகினி: இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே. அந்த ஸ்டூல இப்படித் தள்ளு. உக்காரணும்.

அர்ச்சுனன்: இந்த ஷெட்டு எல்லாம் எண்ணெ நாத்தம். நீ வீட்டுக்குப் போ, அண்ணி இருக்கா. நான் மத்தியானம்...

ரோகினி: மத்தியானம் எனக்கு நேரம் இல்ல. மூணு மணிக்கு விசாரணை ஆபீசருங்க ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. அவருகிட்ட வாக்குமூலம் எடுக்கணுமாம்.

அர்ச்சுனன்: இன்னைக்கேவா?

ரோகினி: இன்னைக்கேதான். கம்பெனி அதுக்குள்ள கடுதாசி எழுதிடுச்சி. 'பைலட்டின் கவனக்குறைவு'. மிச்சத்தையும் படிக்கட்டுமா?

அர்ச்சுனன்: வேணாம். தெரியும்.

ரோகினி: 'எரிபொருளை அளவுக்கு மீறிக் குறைத்ததால் எஞ்சின் சூடேறி'ன்னு என்னமோ போவுது. எனக்கு அது புரியல. அந்த எஞ்சினுக்குப் பக்கத்துலயே குடும்பம் நடத்தினவன் நீதான். எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.

அர்ச்சுனன்: உனக்கு எதுக்கு அதெல்லாம்?

ரோகினி: புருஷன் எதனால விழுந்தாருன்னு பொண்டாட்டி தெரிஞ்சிக்கக் கூடாதா? சட்டமா?

அர்ச்சுனன்: நீ செனாவாங் பேக்டரியில சிப்பு பாக்குறவ. இது வேற சமாச்சாரம்.

ரோகினி: பதினொரு வருஷமா மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சிப் பாக்குறேன். மயிரு அகலத்துக்குக் கீறல் இருந்தா எடுத்து எறிஞ்சிடுவேன். நீ சொல்லு. மக்குத் தங்கச்சின்னு நெனச்சிக்கிட்டு மெதுவா சொல்லு.

அர்ச்சுனன்: சரி... சரி. நம்ம அப்பாவோட பழைய மோட்டார்ல கார்ப்பரேட்டர் இருந்திச்சில்ல? காத்தும் பெட்ரோல் எண்ணெயும் ஒரே எடத்துல கலந்து எஞ்சினுக்குள்ள போவும். இதுல அது கெடையாது. இங்க பாரு, இந்தக் கறுப்புப் பொட்டி. எவ்வளவு காத்து உள்ள போவுதுன்னு இது அளக்கும். அதுக்கு ஏத்த எண்ணெய விடும்.

ரோகினி: அளந்து ஊத்துறவன். ம்.

அர்ச்சுனன்: அங்கேர்ந்து இந்தக் குழாய்ல மேல ஏறும். எஞ்சின் தலையில வட்டமா ஒண்ணு இருக்கு பாரு, ஆறு காலோட...

ரோகினி: சிலந்தி மாதிரி.

அர்ச்சுனன்: நாங்களும் சிலந்தின்னுதான் சொல்லுவோம். ஆறு சிலிண்டருக்கு ஆறு பங்கு பிரிக்கிறது அதோட வேல. ஒவ்வொரு காலும் ஒரு மெல்லிசான இரும்புக் குழாய். முனையில ஒரு நாசில். அதுல ஓட்டை... ஒரு ஊசி நொழையும், அவ்வளவுதான்.

ரோகினி: விட்டு விட்டு அடிக்குமா? இப்ப வர்ற கார்ல அப்படித்தானே?

அர்ச்சுனன்: பரவால்லயே! இல்ல, இதுல நிக்காம வந்துக்கிட்டே இருக்கும். வால்வு வாசல்ல காத்திருக்கும். தொறந்தா காத்தோட சேந்து உள்ள போவும். கம்ப்யூட்டரு கெடையாது, ஒண்ணும் கெடையாது. காத்து, எண்ணெ, அழுத்தம். இந்த மூணுதான்.

ரோகினி: அப்ப ஆறு ஓட்டையும் ஒரே மாதிரி இருக்கணும்.

அர்ச்சுனன்: இருக்கணும்.

ரோகினி: ஒண்ணு அடைச்சிக்கிட்டா?

அர்ச்சுனன்: அட ச்சே!

ரோகினி: என்னண்ணே, ஸ்பானர கீழ போட்டுட்டே?

அர்ச்சுனன்: கை வழுக்குது. எண்ணெ... அடைச்சிக்கிட்டா அந்த சிலிண்டர் பட்டினி கெடக்கும். மத்த அஞ்சும் அதோட பங்கையும் சேத்துக் குடிக்கும்.

ரோகினி: நம்ம வீட்டுல நான் கெடந்த மாதிரி.

அர்ச்சுனன்: ஆரம்பிச்சிட்டியா!

ரோகினி: சும்மா சொன்னேன், மேல போ. எண்ணெ எவ்வளவு போவுதுன்னு பைலட்டுக்குக் காட்ட மீட்டர் இருக்குமில்ல? ஓட்டை அடைச்சா முள்ளு கீழ எறங்கும். அவரு அதப் பாக்காம விட்டுட்டாரு. அதான் கவனக்குறைவா?

அர்ச்சுனன்: முள்ளு எறங்காது.

ரோகினி: பின்ன?

அர்ச்சுனன்: ஏறும்.

ரோகினி: என்ன கூத்து இது? எண்ணெ போற வழி அடைச்சிருக்கு, மீட்டர் ஏறுமா?

அர்ச்சுனன்: அந்த மீட்டர் எண்ணெய நேரா அளக்கல, ரோகினி. சிலந்திக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னுதான் அளக்குது. அழுத்தம் ஏறினா எண்ணெ நெறைய போவுதுன்னு நெனச்சிக்கும். ஓஸ்ல தண்ணி புடிக்கும்போது வாயில கட்டை வெரல வெச்சி அமுக்கினா என்ன ஆவும்?

ரோகினி: தண்ணி உள்ள முட்டும்.

அர்ச்சுனன்: அதேதான். ஓட்டை அடைச்சா உள்ள முட்டும். முட்டினா முள்ளு ஏறும்.

ரோகினி: அப்ப... ஒருத்தன் பசியில சாவுறான், மீட்டர் என்னடான்னா 'சாப்பாடு அதிகம், அதிகம்'னு கத்துது.

அர்ச்சுனன்: ஆமா.

ரோகினி: பைலட் என்ன பண்ணுவாரு?

அர்ச்சுனன்: பக்கத்துல செவப்புக் கைப்பிடி ஒண்ணு இருக்கும். அதப் பின்னால இழுத்தா எண்ணெ கொறையும். வழக்கமா முள்ளு எங்க நிக்குமோ அந்த எடத்துக்கு வர்ற வரைக்கும் இழுப்பாரு. எந்த பைலட்டா இருந்தாலும் அப்படித்தான் செய்வான்.

ரோகினி: அவரும் இழுத்தாரு.

அர்ச்சுனன்: இழுத்தாரு. ஏற்கெனவே பட்டினி கெடந்ததுக்கு இன்னும் கொறஞ்சிடுச்சி. எண்ணெ கொறைஞ்சா சூடு ஏறும். பிஸ்டன் உருகி ஓட்டையாயிடுச்சி. செம்பனை ஓலைக்கு மேல முப்பது அடி உயரம். தொட்டி நெறைய மருந்து. திருப்பவும் முடியாது, எறக்கவும் முடியாது...

ரோகினி: ஒரு நிமிசம்ணே.

அர்ச்சுனன்: என்ன?

ரோகினி: அந்த எஞ்சின் கரியாப் போச்சு. ஆபீசருங்க மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. ஓட்டை அடைச்சிருந்துச்சின்னு கம்பெனி கடுதாசியில ஒரு வார்த்தை இல்ல. உனக்கு எப்படித் தெரியும்?

அர்ச்சுனன்: நான்... நீதானே கேட்டே, அடைச்சிக்கிட்டான்னு?

ரோகினி: அடைச்சிக்கிட்டா என்ன ஆவும்னு கேட்டேன். நீ அடைச்சிருந்துச்சின்னே சொல்லிட்டியே.

அர்ச்சுனன்: யூகம் லா. ஒரு யூகம்தான்...

சித்திக்: அர்ச்சுனா! டேய் அர்ச்சுனா! எங்கய்யா இருக்கே, றெக்கைக்குக் கீழயா? அட, ரோகினியா! தெரிஞ்சிருந்தா மூணு தே தாரிக் டீ கட்டிக்கிட்டு வந்திருப்பேனே!

ரோகினி: பரவால்ல சித்திக் நானா. எனக்கு வேணாம். நீங்க இன்னும் அந்த மருந்து கலக்குற வேலதான் பாக்குறீங்களா?

சித்திக்: வேற என்ன பாக்குறது? முப்பது வருஷமா என் மேல அடிக்கிற நாத்தத்துல கொசு கூட கடிக்காது. வீட்டுல பொண்டாட்டியும் பக்கத்துல வர மாட்டேங்குறா.

அர்ச்சுனன்: நானா, சிகரெட்ட அணைங்க! இங்க எண்ணெ தொறந்து கெடக்கு!

சித்திக்: அணைச்சாச்சி, அணைச்சாச்சி. இந்தா, நீ கேட்ட பாட்டிலு. எங்க தம்பி கடையில சிரப் ஊத்தி வெக்கிற பாட்டிலு. ஆறும் ஒரே சைசு. பாத்து எடுத்து வந்தேன்.

ரோகினி: ஆறு பாட்டிலா? எதுக்குண்ணே?

அர்ச்சுனன்: சும்மா... சாமான் கழுவ.

சித்திக்: கழுவவா? கே.எல்.லேர்ந்து கையெழுத்துப் போட வர்றாரே அந்த இஞ்சினியர், அவரு போன வருஷம் ஆறு பாட்டில வரிசையா வெச்சி எண்ணெ புடிச்சாரே. எல்லாத்துலயும் ஒரே அளவு வருதான்னு பாத்தாரே. அதுக்குத்தானே?

அர்ச்சுனன்: நானா, உங்க தே ஆறுது.

சித்திக்: ஆறட்டும்யா. ரோகினி, உன் அண்ணன் கெட்டிக்காரன் தெரியுமா? பத்து வருஷம் தோட்டத்துல தண்ணி பம்பு பாத்தவன், இன்னைக்கு ப்ளேனுக்கு மெக்கானிக்கு. அடுத்த மாசம் லைசென்ஸ் பரீட்சை எழுதப் போறான். பாஸ் பண்ணிட்டா அந்த இஞ்சினியர் வர வேண்டியதில்ல. இவனே கையெழுத்துப் போடலாம்.

ரோகினி: அப்படியா! எங்கிட்ட சொல்லவே இல்லயேண்ணே.

அர்ச்சுனன்: நீ இருக்குற நெலமையில எப்படிச் சொல்றது...

சித்திக்: அப்பறம் அர்ச்சுனா, என் கலவைத் தொட்டி பைப்பு ஒழுகுது. அந்த வெள்ளை டேப்பக் குடு, ஒரு சுத்து சுத்தணும்.

அர்ச்சுனன்: தீந்துடுச்சி.

சித்திக்: தீந்துடுச்சா? போன மாசம்தான்யா புது ரோலு ரெண்டு குடுத்தேன்! எதுல சுத்தினே?

அர்ச்சுனன்: பின்னால... குளிக்குற எடத்து பைப்புல.

சித்திக்: இங்க குளிக்குற எடம் ஏதுய்யா? நான் தெனமும் வீட்டுக்குப் போய்த்தான் குளிக்கிறேன்!

அர்ச்சுனன்: நானா... அப்பறம் பேசலாம்.

சித்திக்: சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. ரோகினி, உன் புருஷன் புனிதனுக்கு சலாம் சொல்லும்மா. நல்ல மனுசன். தொட்டியில மருந்து ஊத்தும்போதெல்லாம் 'நானா, உப்பு காரம் பாத்துப் போடுங்க'ம்பாரு. இந்த ஓடுபாதையில அந்தக் கொரலு இல்லாம... சரி. நான் கெளம்புறேன்.

ரோகினி: போய்ட்டு வாங்க நானா.

அர்ச்சுனன்: வாய் ஓயாது அந்த மனுசனுக்கு.

ரோகினி: ஓயாதவரைக்கும் நல்லது. சரி, பாட்டில் வந்துடுச்சி. பண்ணு, நான் பாக்குறேன்.

அர்ச்சுனன்: நீ போ ரோகினி. இது எண்ணெ வெளிய வர்ற வேல. ஆபத்து.

ரோகினி: ஒத்த ஆளா எப்படிப் பண்ணுவே? சுவிட்ச் பைலட் சீட்டுல. பாட்டில் இங்க.

அர்ச்சுனன்: ...பிடிவாதம். சின்ன வயசுலேர்ந்து இதே பிடிவாதம். சரி, ஏறு. சீட்டுல உக்காரு. எதையும் தொடாதே. நாசில் எல்லாத்தையும் சிலிண்டர்லேர்ந்து கழட்டி ஆளுக்கொரு பாட்டிலுக்குள்ள விடுறேன்.

ரோகினி: அவரு இந்த சீட்டுலயும் உக்காந்திருக்காரா?

அர்ச்சுனன்: மாத்தி மாத்தித்தான் ஓட்டுவாரு... அந்தக் கறுப்புக் கைப்பிடிய முழுசா முன்னால தள்ளு. செவப்பையும் தள்ளு.

ரோகினி: இதானா அந்தச் செவப்பு?

அர்ச்சுனன்: அதான். தள்ளு. இப்ப கீழ இருக்கு பாரு, மஞ்சள் சுவிட்ச். அது கரண்டு பம்பு. நான் கையத் தூக்கும்போது போடு, எறக்கும்போது நிறுத்து.

ரோகினி: போட்டாச்சி.

அர்ச்சுனன்: ...இருபத்தெட்டு, இருபத்தொம்பது, நிறுத்து!

ரோகினி: நிறுத்தியாச்சி. எறங்கி வரவா?

அர்ச்சுனன்: வேணாம். அங்கயே இரு.

ரோகினி: வந்துட்டேன். ஏன் நீலமா இருக்கு?

அர்ச்சுனன்: சாயம். ஒழுகினா கறை தெரியணும்னு சாயம் போட்டுத்தான் விப்பாங்க.

ரோகினி: அஞ்சு பாட்டில்ல கழுத்து வரைக்கும் இருக்கு. நாலாவதுல பாதிதான் இருக்கு.

அர்ச்சுனன்: தெரியுது.

ரோகினி: இந்த ப்ளேன்தானே நாளைக்குக் காலையில பறக்குது?

அர்ச்சுனன்: அதுக்குத்தானே பாக்குறேன்! தெரியாமலா பாக்குறேன்?

ரோகினி: கத்தாதே. நாலாவது நாசிலக் கழட்டு.

அர்ச்சுனன்: கழட்டத்தான் போறேன்... இரு... தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காதே.

ரோகினி: என்ன அது, வெள்ளையா?

அர்ச்சுனன்: நூலு. தொடைக்கிற துணியிலேர்ந்து வந்திருக்கும்.

ரோகினி: குடு பாப்போம்.

அர்ச்சுனன்: அட, அழுக்கு.

ரோகினி: குடுண்ணே... நூலு இல்ல. நூலுன்னா முனை பிரியும். இது இழுத்தா நீளுது பாரு. பதினொரு வருஷமா கண்ண வெச்சிப் பாக்குறவ நான். இது சித்திக் நானா கேட்டாரே, அந்த டேப்பு.

அர்ச்சுனன்: குடு, அத எங்கிட்டயே குடு.

ரோகினி: இந்தா. குளிக்குற எடம் எஞ்சினுக்குள்ளதான் இருக்கா?

அர்ச்சுனன்: ரோகினி, மெதுவா பேசு.

ரோகினி: யாரு இருக்கா இங்க, செம்பனை மரமா கேக்கப் போவுது? எந்த எடத்துல சுத்தினே?

அர்ச்சுனன்: ...பொட்டிக்கும் சிலந்திக்கும் நடுவுல. அந்த மூட்டுல.

ரோகினி: வடிகட்டி எங்க இருக்கு?

அர்ச்சுனன்: பொட்டிக்கு முன்னால.

ரோகினி: அப்ப மூட்டுல பிஞ்சி வந்தது நேரா நாசிலுக்குத்தான் போவும்.

அர்ச்சுனன்: ஆமா.

ரோகினி: ஏன்ணே?

அர்ச்சுனன்: ரெண்டு ப்ளேன்லயும் ஒரே எடத்துல நீலமா கசிஞ்சிக்கிட்டு இருந்துச்சி. லேசாத்தான். புது மூட்டு வர ரெண்டு வாரம் ஆவும்னாங்க. மானேஜர் தெனமும் மூணு தடவ போன். 'புழு காத்திருக்குமா, புழு காத்திருக்குமா'ன்னு. ப்ளேனுக்கு அந்த டேப்பு ஆவாதுன்னு படிச்சிருக்கேன். பரீட்சைக்கே வரும் அந்தக் கேள்வி. ஆனா... கை தானா போச்சு. பத்து வருஷம் தண்ணி பைப்புல சுத்தின கை. ஒழுகினா சுத்து. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

ரோகினி: கை மேல பழியப் போடுறே. அவருக்கு இப்ப பழி போடக் கூட கை வராது, ரெண்டும் கட்டுல கெடக்கு.

அர்ச்சுனன்: மூணு வாரமா நான் தூங்கல. தெரியுமா உனக்கு? கண்ண மூடினா நெருப்புதான் தெரியுது.

ரோகினி: ஆஸ்பத்திரிக்கு வந்து முழிச்சிக்கிட்டு இருந்திருக்கலாமே. நானாவது தூங்கியிருப்பேன்.

அர்ச்சுனன்: எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?

ரோகினி: மிச்ச டேப்பு எங்க?

அர்ச்சுனன்: விடியக்காலையில வந்து பிரிச்சி எரிச்சிட்டேன். புது மூட்டும் வந்துடுச்சி, போட்டுட்டேன். ஒரு துண்டு பிஞ்சி முன்னமே உள்ள போயிருக்கும்னு சந்தேகம். அதுக்குத்தான் பாட்டிலு.

ரோகினி: நாசிலக் கழுவு. மறுபடியும் புடி. நான் சுவிட்ச் போடுறேன்.

அர்ச்சுனன்: நான் பண்ணிக்கிறேன், நீ போ...

ரோகினி: நாளைக்கு வர்றவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா. என் கண்ணு முன்னால புடி.

அர்ச்சுனன்: ...சரி. அழுக்கு எடுக்குற மருந்துல ஊற வெச்சிக் காத்து அடிக்கணும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெருசாயிடும். இரு... ம். ஏறு. தள்ளு ரெண்டையும். போடு!

ரோகினி: போட்டாச்சி.

அர்ச்சுனன்: ...இருபத்தொம்பது, நிறுத்து. வா, வந்து பாரு. நல்லா குனிஞ்சி பாரு. ஆறும் ஒரே மட்டம்.

ரோகினி: ஆமா. ஒரே மட்டம்.

அர்ச்சுனன்: இனிமே இதுல பறக்குறவனுக்கு ஒண்ணும் ஆவாது.

ரோகினி: நல்லது. மூணு மணிக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியா? எங்கிட்ட சொன்னதை ஆபீசருங்ககிட்ட சொல்றியா?

அர்ச்சுனன்: அது எப்படி ரோகினி...

ரோகினி: வாய் இருக்கில்ல? அதால.

அர்ச்சுனன்: சொன்னா பரீட்சை போச்சு. வேல போச்சு. ஜெயில்ல கூட போடுவாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.

ரோகினி: எனக்கு ஒண்ணு இருக்கு. 'உங்கப்பாவுக்கு ப்ளேன் ஓட்டத் தெரியாதாமே'ன்னு ஸ்கூல்ல கேக்குறாங்களாம். ரெண்டு நாளா போக மாட்டேன்னு அழுவுறா.

அர்ச்சுனன்: சின்னப் புள்ளைங்க, மறந்துடும். நான் ஒண்ணு சொன்னா உனக்குக் கோவம் வரும்...

ரோகினி: சொல்லு. கோவமெல்லாம் வந்து முடிஞ்சிடுச்சி.

அர்ச்சுனன்: மாப்ள இனிமே பறக்க முடியாது. அது யாரு தப்பா இருந்தாலும் மாறாது. தப்பு அவரு பேருல இருந்தா புதுசா என்ன போயிடும்? என் பேருல வந்தா எங்க வீடும் சேந்து போவும். கொஞ்சம் யோசிச்சிப் பாரு.

ரோகினி: மூணு வாரமா இதத்தான் யோசிச்சியா?

அர்ச்சுனன்: அப்படி இல்ல...

ரோகினி: அவருக்கு மிச்சம் இருக்குறதே அந்தப் பேரு மட்டும்தான்ணே. பதினாலு வருஷம் ஓட்டினாரு. ஒரு எலை கூட றெக்கையில பட்டதில்லன்னு சொல்லுவாரு.

அர்ச்சுனன்: எனக்கும் பேரு வேணும்ல? காலம் பூரா மாப்ள மேல, நான் கீழ. அவரு எறங்கி வந்தா எல்லாரும் கை தட்டுவாங்க. எஞ்சினத் தொடைச்சவன யாரு பாத்தா? ஒம்பது வருஷம் ரோகினி... ஒம்பது வருஷம் அந்த ஒரு பரீட்சைக்கு!

ரோகினி: ஓ. அது வேறயா.

அர்ச்சுனன்: ...விடு. வாய் தவறி வந்துடுச்சி.

ரோகினி: சரி, நீ வர வேணாம். நானே சொல்றேன். அந்த வெள்ளைத் துண்டக் குடு. காட்டணும்.

அர்ச்சுனன்: எந்தத் துண்டு?

ரோகினி: இப்பத்தானே ஒன் உள்ளங்கையில... அண்ணே!

அர்ச்சுனன்: காத்துல போயிடுச்சி.

ரோகினி: நீ ஊதினே.

அர்ச்சுனன்: காத்து லா.

ரோகினி: நான் பாத்தேன், நீ ஊதினே.

அர்ச்சுனன்: நீ சொன்னா யாரு நம்புவா? புருஷனக் காப்பாத்தப் பேசுறேம்பாங்க. அந்த எஞ்சின் கரி. இது சுத்தமா இருக்கு. சுத்தினதக் கண்ணால பாத்த ஒருத்தன் வந்து சொன்னாத்தான் எடுபடும். அப்படி ஒருத்தன் கெடையாது.

ரோகினி: கடைசியா ஒரு தடவ கேக்குறேன். கூடப் பொறந்தவளா கேக்குறேன். வர்றியா?

அர்ச்சுனன்: என்னால முடியாது ரோகினி. என்னை விட்டுடு.

ரோகினி: நீ டேப்பு சுத்தின அன்னைக்குச் சாயங்காலம் அவரு இந்த ஷெட்டுக் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

அர்ச்சுனன்: ...யாரு?

ரோகினி: அவருதான். தப்பாச்சேன்னு தோணுச்சாம். கேட்டா உன் மனசு கோணும்னு கேக்கலயாம். மச்சான் கை பட்டது தப்பாவாதுன்னு மறுநாள் ஏறிட்டாரு.

அர்ச்சுனன்: மாப்ளைக்குத்... தெரியுமா?

ரோகினி: கண்ணு முழிச்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. 'யார்கிட்டயும் சொல்லாதே. உங்க அண்ணன் வாழட்டும். நான்தான் முடிஞ்சிட்டேனே, என் பேருலயே இருந்துட்டுப் போவட்டும்'னாரு.

அர்ச்சுனன்: அவரு மனுசன் இல்ல ரோகினி... தெய்வம். நான் வந்து கால்ல விழுறேன்...

ரோகினி: அந்தக் காலுக்கு நீ விழுறது தெரியாது. இன்னும் முடியல, இரு. ஒரு விசயம் மட்டும் அவரத் தூங்க விடல. இந்த ப்ளேன். 'இதுலயும் சுத்தியிருப்பான். நீ போய்ப் பாத்துட்டு வா. பிரிச்சிட்டான்னா நான் மூணு மணிக்கு வாயத் தொறக்க மாட்டேன். பிரிக்காம வெச்சிருந்தா, இன்னொருத்தன் சாவான், ஆபீசருங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்'னு சொல்லித்தான் காலையில என்னை இங்க அனுப்பினாரு.

அர்ச்சுனன்: அப்பாடா... நான்தான் பிரிச்சிட்டேனே! நீ வர்றதுக்கு முன்னாலயே பிரிச்சிட்டேனே! ஆறு பாட்டிலும் ஒரே மட்டம், நீயே குனிஞ்சி பாத்தியே. போய்ச் சொல்லு தங்கச்சி. உன் அண்ணன் பிரிச்சிட்டான்னு சொல்லு.

ரோகினி: பாத்தேண்ணே. பிரிக்கலன்னு சொல்லப் போறேன்.